கைக்குட்டையில் வடித்த ஓடை

ஊரில் அவருக்குப் பாட்டில்காரர் என்று பெயர். இந்தப் பெயரால் அவருடைய கல்யாணப் பேச்சு இரண்டு முறை வாசற்படியோடு நின்றுபோயிருக்கிறது. விசாரிக்க வந்தவர்கள் தெருமுனையில் கேட்பார்கள். தெருமுனையும் ஒளிவுமறைவில்லாமல், "யாரு, நம்ம பாட்டிலா? அதோ, அந்த வீடுதான்" என்று கையை நீட்டும். வந்தவர்கள் நீட்டிய கைக்கு எதிர்த்திசையில் நடையைக் கட்டுவார்கள். உண்மையில் அவர் ஆயுளில் தொட்ட பாட்டில்கள் அத்தனையிலும் இருந்தது ஓடைத் தண்ணீர்தான். அதையும் அவர் குடித்ததில்லை. அந்த ஓடையை இப்போது யாருமே குடிப்பதில்லை.

ஊருக்கு மேலே ஒரு மலை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நிலக்கரிக் கம்பெனி அதன் தலையைச் சீவி, தோலை உரித்து, வயிற்றில் இருந்ததை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டிருந்தது. கரி போக மிச்சக் கல்லும் மண்ணும் ஓரமாகக் குவிந்தன. காலங்காலமாக இருட்டுக்குள் சமர்த்தாகப் படுத்திருந்த கல் அது. காற்றும் மழையும் பட்டதும் அதற்குப் புத்தி மாறிவிட்டது. உள்ளிருந்த கந்தகம் அமிலமாகி, இரும்பைக் கரைத்து, மழைத் தண்ணீரோடு இறங்கியது. இறங்க அதற்கு இருந்த ஒரே வழி ஓடை. ஓடை முதலில் மீனை இழந்தது, அப்புறம் தவளையை, அப்புறம் தன் நிறத்தை. இப்போது ஆரஞ்சு நிறத்தில் ஓடுகிறது. கல்லெல்லாம் துருப் பிடித்த மாதிரி, கை வைத்தால் வழவழவென்று கூழ் ஒட்டும்.

பாட்டில்காரருக்குக் கம்பெனியின் சுற்றுச்சூழல் பிரிவில் உத்தியோகம். ஆபீஸ் தாழ்வாரத்தின் கடைசிக் கதவுதான் அந்தப் பிரிவு. கதவுக்கு உள்ளே ஓர் அதிகாரி, ஒரு செடித்தொட்டி, பாட்டில்காரர் ஆகிய மூவரும் சுற்றுச்சூழலைப் பார்த்துக்கொண்டார்கள். வாரம் ஒரு முறை நடைபாலத்துக்கு அடியில் இறங்கி, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, லேபிள் ஒட்டி, பெட்டியில் வைத்துக் கம்பெனி லேபில் ஒப்படைக்க வேண்டும். தண்ணீரில் எவ்வளவு கசடு, எவ்வளவு இரும்பு என்று லேப் எண்ணாகச் சொல்லும். அதிகாரி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். எண்கள் சேர்ந்தால் ஒரு கோடு. பல வருஷங்களாக அந்தக் கோடு நாடி அடங்கியவரைப்போல ஆடாமல் அசையாமல் தரையோடு படுத்துக் கிடந்தது. ஓடை பரம சுத்தம் என்பது அதன் பொருள். கம்பெனிக்கு 'பசுமைச் சுரங்கம்' என்று ஒரு கேடயம்கூட வந்தது. அதைத் துடைத்து வைக்கும் வேலையும் பாட்டில்காரருடையதே.

இந்தக் கோட்டை இந்த உலகத்தில் ஒருவர் மட்டும் மனதார வெறுத்தார். அவர் பாட்டில்காரரின் அக்கா.

அக்கா லாண்டரி நடத்துகிறார். கம்பெனி வேலி முடிகிற இடத்துக்கும் நடைபாலத்துக்கும் நடுவே, ஓடைக்கரையில் தகரக்கூரை போட்ட நீளமான கூடம். முன்பக்கம் துணி வாங்கும் மேசை, நடுவில் மெஷின்கள், பின்பக்கம் கிணறு. மாடியில் வீடு. புருஷன் போன பிறகு அக்கா அந்த மெஷின்களோடு குடித்தனம் நடத்துகிறார் என்று ஊரில் சொல்வார்கள். மெஷின்கள் எதிர்த்துப் பேசாததால் இந்தக் குடித்தனம் சண்டையில்லாமல் போகிறது என்று அக்காவே சொல்வார். தம்பி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவருக்குச் சோறு போட்டு, சட்டை துவைத்து, திட்டி, ஆளாக்கியது அக்காதான். அதில் சோறும் துவைப்பும் திட்டும் இன்றுவரை நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் டாக்டர்களின் கோட்டுகளும்தான் அந்தக் கடையின் உயிர். வெள்ளைத் துணி. வெள்ளையாக வாங்கி வெள்ளையாகக் கொடுப்பதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் ஓடைக்கரையில் கடை வைத்துப் பார்க்கலாம். ஓடைக்கு என்ன நிறமோ, பத்தடி தள்ளியிருக்கும் கிணற்றுக்கும் அதே நிறம். முதலில் விரிப்புகள் லேசாகப் பழுத்தன. அக்கா ப்ளீச்சைக் கூட்டினார். துருக்கறைக்கு ப்ளீச் போடுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதைப்போல என்று அவருக்கு அப்போது தெரியாது. கறை சட்டமாக உட்கார்ந்துகொண்டது. பிறகு கிணற்று வாயில் மணல் தொட்டி கட்டினார், துருவெடுக்கிற பொடி வாங்கினார், ஒவ்வொரு விரிப்பையும் தனித்தனியாகக் கெஞ்சினார். கம்பெனிக்கு மனு போட்டார். தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று கோட்டோடு பதில் வந்தது. மறுபடியும் மனு, மறுபடியும் கோடு.

சாயங்காலச் சாப்பாட்டின்போது அக்காவும் தம்பியும் இந்த மர்மத்தை அலசுவது வழக்கம். கண்ணால் பார்க்கிற ஓடை காவி கட்டிக்கொண்டு ஓடுகிறது, காகிதத்தில் மட்டும் கண்ணாடியாக ஓடுகிறது என்றால், நடுவில் எவனோ கை வைக்கிறான். லேபில் மாற்றுகிறார்களா? மெஷினே கம்பெனிக்குச் சாதகமாகப் படிக்கிற மெஷினா? அதிகாரி தட்டச்சு செய்யும்போது ஒரு சைபரை முழுங்கிவிடுகிறாரா? பாட்டில்காரர் ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்து ஒவ்வொருவராக விடுதலை செய்வார். லேபில் இருக்கிற பெண் நல்ல பிள்ளை. அதிகாரி செடித்தொட்டிக்குக்கூடப் பொய் சொல்லாதவர். அக்காவுக்கு இந்த விடுதலைகள் பிடிக்காது. "நீ பாவம், கொண்டுபோய்க் குடுக்கறதோட உன் வேல முடிஞ்சுது. அதுக்கப்புறம் கைமாறுதுல்ல, அங்கதான் இருக்கு சூட்சுமம்" என்பார். தம்பியும் ஆமாம் என்று தலையாட்டுவார். இப்படி இருவரும் சேர்ந்து வருஷக்கணக்காகத் தேடிய அந்தச் சதி, தம்பியின் பேன்ட் பையில் நாலாக மடிந்து பத்திரமாக இருந்தது.

அது ஒரு கைக்குட்டை. அதன் வரலாறு சின்னது. பாட்டில்காரர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொண்டுவந்த முதல் பாட்டிலில் இரண்டு இலையும் ஒரு தவளைக்குஞ்சும் இருந்தன. அப்போது ஓடையில் தவளை இருந்தது. தவளைக்குஞ்சு லேபுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸுக்குத் தாவி, எல்லோரையும் நாற்காலிமேல் ஏற்றிவிட்டது. இனிமேல் குப்பை கூளம் வராமல் எடுத்துவரச் சொன்னார்கள். சொன்னவர்கள் இலையைச் சொன்னார்கள். பாட்டில்காரர் பிறவியிலேயே சுத்தக்காரர். நாற்காலியைத் துடைக்காமல் உட்கார மாட்டார், துடைத்த துணியை உதறாமல் மடிக்க மாட்டார். அவருக்குக் குப்பை என்றால் குப்பை, அதில் பெரியது சின்னது என்ற பேதமில்லை. கனத்த பருத்திக் கைக்குட்டையை நாலாக மடித்து, பாட்டில் வாயில் கட்டி, அதன் வழியாகத் தண்ணீரைப் பொறுமையாக ஊற்றத் தொடங்கினார். நுரை மிதந்து வந்தால் அது போகட்டும் என்று காத்திருப்பார். வடிந்து இறங்கிய தண்ணீர் பளிச்சென்று இருந்தது. லேபில் அவரை மெச்சினார்கள். மெச்சிய வேலையை எந்த மனிதன் மாற்றிக்கொள்வான்? இரும்பும் கசடும் துணியில் தங்கின, தண்ணீர் மட்டும் லேபுக்குப் போனது. கரைந்திருந்த உப்புகளைத் துணி தடுக்காதுதான். ஆனால் அந்த எண்ணைக் கேட்கும்படி எந்த விதியிலும் இல்லை, கேட்காத எண்ணைக் கம்பெனி தானாகச் சொல்லும் வழக்கமும் இல்லை.

கைக்குட்டைகளை அக்காதான் துவைத்தார். நடுவில் வட்டமாக, ஓரம் போகப்போக மங்கி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறை. கம்பெனித் தூசி, இவன் மூக்கைச் சிந்துகிறான் என்று நினைத்துக்கொண்டார். சுரங்கத்தில் வேலை செய்கிற தம்பியின் மூக்கிலிருந்து என்ன நிறம் வேண்டுமானாலும் வரலாம் என்று விட்டுவிட்டார்.

விஷயம் வெளியே வந்தது ஆஸ்பத்திரியால். இவ்வளவு காலம் பொறுத்துப்போன ஆஸ்பத்திரி, ஒருநாள் ஒரு மூட்டை விரிப்புகளை அப்படியே திருப்பி அனுப்பியது. நோயாளிகள் படுக்க யோசிக்கிறார்கள், ஏற்கெனவே யாரோ படுத்த படுக்கை என்கிறார்கள், இந்த மாதம் சரியாகாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று வேன் டிரைவர் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா புதிதாக ஒரு பெரிய வாஷிங் மெஷினை இறக்கியது அப்போதுதான். அது இரண்டு முறை அலசும், சூடாக அலசும். எப்படியாவது வெள்ளையாக்கிவிட வேண்டும். மத்தியானம் மேசைமேல் இரண்டு குவளைகளில் துருவெடுக்கிற பொடியைக் கரைத்து, ஒன்றில் விரிப்பின் ஓரத்தை நனைத்தார். இன்னொன்றில், கைக்கு அகப்பட்டதால், தம்பியின் கைக்குட்டையை. விரிப்பில் இருந்த கறை கரைந்து, இளம்பச்சையாகித் தண்ணீரில் இறங்கியது. கைக்குட்டையும் அதையே செய்தது, இன்னும் தாராளமாக. எந்த மூக்கிலிருந்தும் துரு வராது.

சாப்பிட மாடியேறிக்கொண்டிருந்த தம்பியை அக்கா கீழே கூப்பிட்டார்.

"இந்தக் கர்ச்சீப்பால என்னத்தத் தொடச்ச?"

"தொடைக்கலக்கா. வடிகட்டினேன்."

"எத?"

"தண்ணியத்தான். பாட்டில்ல பிடிக்கறப்ப." மெச்சுவார் என்று எதிர்பார்த்தவர்போல அவர் ஒரு படி இறங்கி வந்தார். "சும்மா பிடிச்சா ஒரே கசடா இருக்கும். நான் குடுக்கற தண்ணி எப்பவும் நீட்டா இருக்கும்னு லேப்ல சொல்லுவாங்க."

அக்கா விரிப்பு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"அழுக்கு இருக்கான்னு பாக்கத்தானேடா அந்தத் தண்ணிய எடுக்கறாங்க?"

பாட்டில்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் திறந்தது திறந்தபடி நின்றது. பல வருஷ வாரங்கள் வரிசையாக வந்து அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. அக்கா அன்று அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத இடம் போதாது. சுருக்கமாகச் சொன்னால், ஊரான் வீட்டுத் திருடனைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஒரு கொள்ளைக்கூட்டத்தைச் சாப்பாடு போட்டு வளர்த்திருக்கிறேன் என்றார், கூட்டத்தில் ஒருவன்தான் என்றாலும் பத்து பேர் வேலையைச் செய்திருக்கிறான் என்றார். திட்டி முடித்ததும் சாப்பாடு போட்டார்.

அடுத்த முறை அவர் கைக்குட்டை இல்லாமல் ஓடையில் இறங்கினார். பாட்டிலை முக்கினார். ஆரஞ்சுத் துணுக்குகள் ஒவ்வொன்றாக உள்ளே போவதைப் பார்க்க அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. கல்யாண வீட்டில் கை கழுவாமல் பரிமாறுகிற மாதிரி இருந்தது. லேபுக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த பெண் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது எப்படியோ கெட்டுப்போய்விட்டது, வேறு கொண்டுவாருங்கள் அண்ணா என்று திருப்பிக் கொடுத்தாள். வேறு கொண்டுபோனார். அதுவும் கெட்டுப்போயிருந்தது. உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள். மூன்றாவது பாட்டிலைத்தான், இனி உங்கள் பாடு என்கிற முகத்தோடு மெஷினில் வைத்தாள்.

படுத்துக் கிடந்த கோடு எழுந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு நிற்காமல் தாளின் உச்சியைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

அதிகாரி கெட்டவர் இல்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அடுத்து அவர் செய்தது அப்படித் தோன்றும். சின்ன வயது, படித்தவர், எண்ணை நம்புகிறவர். பாலத்துப் பக்கம் அவர் போனதில்லை, எண்கள் தாழ்வாரத்துக்கே வந்துவிடுவதால் போக வேண்டிய அவசியம் நேரவில்லை. அவர் நிதானமாக யோசித்தார். வருஷக்கணக்கில் சுத்தமாக இருந்த ஓடை இந்த மாதம் திடீரென்று கெட்டிருக்கிறது. இந்த மாதம் ஓடைக்கரையில் புதிதாக என்ன வந்தது? பாலத்துக்குச் சற்று மேலே ஒரு லாண்டரியில் பெரிய வாஷிங் மெஷின் வந்தது. வாதத்தில் ஓட்டை இல்லை. லாண்டரிக்கு மேலே ஒரு பாட்டில் பிடித்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். ஆனால் அங்கே கம்பெனி வேலி. வேலிக்குள் மாதிரி எடுக்கும் இடம் என்று எதுவும் குறிக்கப்படவில்லை. குறிக்காத இடத்தில் தண்ணீர் ஓடுவதாகவே யாரும் கருதவில்லை.

ஆக, ஓடை அழுக்கு, ஓடை அழுக்கு என்று இத்தனை காலம் தொண்டை வறண்ட அக்காவின் கட்சியைக் கம்பெனி கடைசியில் ஒப்புக்கொண்டது. ஆமாம், அழுக்குதான், அழுக்காக்கியது நீங்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதியது. நீர் ஆய்வாளர் நேரில் வந்து பார்க்கும்வரை மெஷின்களை நிறுத்தி வைக்கும்படி கடைக்கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். பார்த்து, லாண்டரிதான் காரணம் என்று ஆய்வாளர் எழுதிவிட்டால் கடைக்குப் பூட்டு.

பாட்டில்காரர் அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். சார், அந்த லாண்டரி, என்று ஆரம்பித்தார். அதற்குமேல் போக அதிகாரி விடவில்லை. எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "உங்க அக்கா கடைன்னு எனக்குத் தெரியும். சொந்த அக்கான்னு தெரிஞ்சும் தண்ணிய மாத்தாம கொண்டுவந்து குடுத்தீங்க பாருங்க, அது பெரிய மனசு. உங்க நேர்மைக்கு நான் சாட்சி" என்றார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. வாழ்க்கையில் முதல்முறை ஒழுங்காக வேலை செய்ததற்குக் கிடைத்த இந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு பாட்டில்காரர் திரும்பி வந்தார்.

கடையில் சத்தமே இல்லை. மெஷின் ஓடாத கூடத்தில் ஈ பறப்பது கேட்டது. அக்கா ஓடாத மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு ஆய்வாளர் வரும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாகத் தம்பி சொன்னார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். அக்கா திட்டவில்லை. அது அவருக்குப் பயமாக இருந்தது.

"நீ வாயத் திறக்காத. கட போனா கடையோட போகட்டும். நீ சொன்னா உன் வேலையும் போகும், கேஸும் போடுவாங்க. வீட்ல ரெண்டு பேரும் திண்டாடணுமா?"

"உன்மேல தப்பு இல்லையேக்கா."

"தப்பு இருக்கறவங்கதான் திண்டாடணும்னு யாருடா சொன்னது உனக்கு?" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த மெஷினைத் துடைக்கப் போனார்.

மறுநாள் காலையில் நடைபாலத்தின்மேல் நாலு பேர் நின்றார்கள். பாலம் அகலமில்லாததால் வரிசையாகத்தான் நிற்க முடிந்தது. ஆய்வாளர் ஒரு நடுவயதுப் பெண்மணி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார், அதிகம் பேசாதவர். அதிகாரி கோட்டைப் பெரிதாக அச்சடித்து அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். அக்கா ஈரமில்லாத கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் பாட்டில்காரர், பெட்டியோடு.

அதிகாரி அட்டையை நீட்டி விளக்கினார். இங்கிருந்து இதுவரை பாருங்கள் மேடம், ஒரு சின்ன மேடு பள்ளம் கிடையாது. இதோ, லாண்டரி மெஷின் வந்த மாதம். ஆய்வாளர் அட்டையைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். இந்தக் கல்லெல்லாம் ஒரே மாதத்தில் இவ்வளவு துருவேறுமா என்று கேட்டார். அது ஆய்வுக்குரியது என்றார் அதிகாரி. அக்காவைத் திரும்பிப் பார்த்து, என்ன சொல்கிறீர்கள் என்றார் ஆய்வாளர். சொல்வதையெல்லாம் வருஷக்கணக்காக எழுதிப் போட்டாயிற்று, எல்லாவற்றுக்கும் இந்தக் கோட்டைத்தான் அனுப்பினார்கள் என்றார் அக்கா. ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

"மேடம்" என்றார் பாட்டில்காரர். அக்கா அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவர் இழுபட்டபடியே பேசினார். "அது தண்ணியோட கோடு இல்ல மேடம். என் கர்ச்சீப்போட கோடு."

யாருக்கும் விளங்கவில்லை. விளங்க வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தவளைக்குஞ்சில் தொடங்கி, நாலு மடிப்பு வரை வந்து, ஓடை எப்போதும் இப்படித்தான் இருந்தது, இந்த மாதம்தான் நான் வடிக்கவில்லை என்று முடித்தார். அதிகாரியின் முகம் சுண்டிப்போனது. அக்காவுக்காகப் பொய் சொல்கிறீர்கள், அதற்காக உங்கள் இத்தனை வருஷ உழைப்பை நீங்களே கேவலப்படுத்தாதீர்கள் என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். அவர் அதை மனதார நம்பியதுதான் பரிதாபம்.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "ரெண்டு பாட்டில் பிடிங்க. ஒண்ணு அப்படியே. ஒண்ணு நீங்க எப்பவும் பிடிக்கற மாதிரி."

பாட்டில்காரர் பாலத்துக்கு அடியில் இறங்கினார். முதல் பாட்டிலை முக்கி எடுத்தார். இரண்டாவதுக்குப் பையில் கை விட்டார். பை காலி. மூக்கைச் சிந்தக்கூட இனி உனக்குக் கைக்குட்டை கிடையாது என்று அக்கா எல்லாவற்றையும் பிடுங்கி வைத்திருந்தார். அவர் மேலே பார்த்தார். மூவரும் கீழே பார்த்தார்கள். கடைசியில் அதிகாரி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பட்டுப்போல மெல்லிய, ஓரம் தைத்த, இன்னும் மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை. பாட்டில்காரருக்கு அதை வாங்கும்போது மனது வலித்தது. மெல்லிசாக இருந்ததால் எட்டாக மடித்தார். பாட்டில் வாயில் கட்டினார். நுரை போகட்டும் என்று காத்திருந்து, பொறுமையாக ஊற்றினார்.

இரண்டு பாட்டிலையும் பாலத்துக் கைப்பிடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்று ஓடை. இன்னொன்று கேடயம் வாங்கிய ஓடை. நடுவில் அதிகாரியின் கைக்குட்டை விரிந்து கிடந்தது. அதன் மத்தியில் வட்டமாக, ஓரம் போகப்போக மங்கி, ஒரு சூரியன் உதித்திருந்தது.

முதலில் பேசியது அக்கா, அதுவும் தொழில் பழக்கத்தால். "அத ப்ளீச்ல மட்டும் போட்டுடாதீங்க சார். அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது."

அதிகாரி கைக்குட்டையை எடுத்துப் பார்த்தார். மடித்துப் பையில் வைக்கப் போய், வேண்டாம் என்று கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு, யாரும் கேட்காமலே, "வேலிக்குள்ள வாங்க மேடம், கேட் சாவி என்கிட்ட இருக்கு" என்றார். எல்லோரும் கரையோடு நடந்து, லாண்டரியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கழிவுக்கல் குவியலின் காலடிக்குப் போனார்கள். அங்கே ஓடை இன்னும் கெட்டியாக இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டிலைப் பிடிக்கப் பாட்டில்காரர் குனிந்தார். அதை மெஷினில் வைத்துப் பார்க்கிற அவசியம் அங்கே நின்ற யாருக்கும் இருக்கவில்லை, ஆனாலும் வைத்துப் பார்த்தார்கள்.

கடைக்கதவில் ஒட்டிய தாளை இரண்டு நாளில் கிழித்தார்கள். ஓடைத் தண்ணீரைக் குழிகளில் தேக்கி, கசடை அடியில் தங்கவிட்டு, சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பை முறித்த பிறகுதான் வெளியே விட வேண்டும் என்று கம்பெனிக்கு உத்தரவு வந்தது. குழி தோண்டுவது கம்பெனிக்குக் கைவந்த கலை. மலையையே குழியாக்கியவர்கள். இந்தக் குழிக்கு மட்டும் இடம் பார்க்கவே மாதங்கள் ஆயின. அதுவரை லாண்டரிக்கு அலசும் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள். லாரி நினைத்தால் வரும். வராத நாளில் கிணறுதான்.

அதிகாரி பழைய கோடு முழுவதும் செல்லாது என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு அவரை யாரும் பாராட்டவில்லை. பாட்டில்காரரை விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். குற்றம் என்ன என்று எழுதுவதில்தான் குழப்பம். திருடவில்லை, லஞ்சம் வாங்கவில்லை, ஒரு வாரம்கூட வேலைக்கு மட்டம் போடவில்லை. கடைசியில், தண்ணீரைச் சுத்தப்படுத்தினார் என்று எழுதினார்கள். அந்தக் கம்பெனியில் அந்தக் குற்றத்தைச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

வேலை நின்ற முதல் திங்கட்கிழமை அவர் போக இடமில்லாமல் கூடத்தில் நின்றார். நிற்கிற இடமெல்லாம் யாருக்கோ வழியாக இருந்தது. மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா அவர் கையில் ஒரு குவியலைத் திணித்தார், மடித்து அடுக்கு, ஆஸ்பத்திரி வேன் வரப் போகிறது என்றார். அவர் மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சுருக்கம் நீவி, ஒன்றை மடிப்பதற்குள் அக்கா நாலு மடித்தார். ஆமை வந்து மடித்தாலும் இந்நேரம் முடிந்திருக்கும் என்று திட்டும் விழுந்தது. பழைய சுருதியில் விழுந்த அந்தத் திட்டைக் கேட்டு அவருக்கு மூச்சு சீரானது.

விரிப்புகள் முன்னைக்குத் தேவலை. ஆனால் எல்லாம் ஒன்றுபோல இல்லை. லாரித் தண்ணீரில் அலசியவை வெள்ளை. லாரி வராத நாளின் துணி இன்னும் லேசாகப் பழுப்பு. பாட்டில்காரர் இருப்பதிலேயே வெள்ளையான இரண்டைத் தேடி எடுத்து, மூட்டையின் மேலே வைத்து, ஓரத்தை நீவிவிட்டார். பார்க்க நன்றாக இருந்தது. வெளியே வேன் ஹார்ன் அடித்தது.

அக்கா வந்தார். மூட்டையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். மேலே இருந்த இரண்டையும் உருவி நடுவில் செருகினார். பழுப்பாக இருந்ததில் ஒன்றை எடுத்து மேலே வைத்தார். அதைக் கொண்டுபோய் வேன் டிரைவரிடம் பிரித்துக் காட்டினார்.

"பாதி இப்படித்தான் இருக்கும். தண்ணி இன்னும் முழுசா சரியாகல, ஆகறப்ப ஆகும். கொண்டுபோய் அங்க காட்டுங்க. வேணும்னா வேணும்னு சொல்லட்டும், வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும்."

டிரைவர் விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். இதுதான் விஷயமா என்று கேட்டார். இதுதான் விஷயம் என்றார் அக்கா. டிரைவர் மூட்டையைத் தூக்கி வேனில் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் நேற்று உருவிய அழுக்குத் துணிகளை இறக்கத் தொடங்கினார். ஒரு மூட்டை இறங்கியது, இன்னொன்று இறங்கியது.

"அங்கயே நின்னுட்டிருந்தா?" என்றார் அக்கா, உள்ளே பார்த்து. "வந்து ஒரு பக்கம் பிடி."

பாட்டில்காரர் வந்து ஒரு பக்கம் பிடித்தார்.